மாசியில் விதைப்பது

அன்புள்ள ஆச்சி,

சென்னையை விட்டுப் பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டுக்கே வந்து ஒன்றரை வருடமாகிறது. யூடியூபில் ஓர் இங்கிலாந்துப் பெண்மணி பிப்ரவரி வந்ததும் ஜன்னலோரம் தக்காளி விதைப்பார். அதைப் பார்த்துப் போன மாசியில் நானும் முற்றத்தில் குழித்தட்டு வைத்துப் போட்டேன். பிறகு தோட்டத்தில் நட்டேன். பூத்தது, ஒரு காய்கூட நிற்கவில்லை. தூவிய தண்டுக்கீரையோ முளைக்கவே இல்லை. விதை போலியா? இந்த மாசிக்கு என்ன போடலாம்?

வாசகர், பள்ளத்தூர்

அன்புள்ள தம்பி,

விதையைத் திட்டாதீர்கள். அந்த அம்மாள் ஊரில் ஏப்ரலிலும் உறைபனி விழும். தக்காளிக்கு அது ஆகாது என்பதால் ஆறெட்டு வாரம் முன்னதாக வீட்டுக்குள் நாற்று வளர்த்து, குளிர் விட்டபின் வெளியே கொண்டுபோகிறார்கள். நமக்கு மாசியிலேயே வெயில் ஏற ஆரம்பித்துவிடும். இப்போது போடும் தக்காளி சித்திரை வாக்கில்தான் பூக்கும். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுங்கினால் மகரந்தம் கெட்டுப் பூ கொட்டிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான். தக்காளியைக் கார்த்திகையில் போடுங்கள், தையில் பூத்துவிடும். முற்றத்திலும் வேண்டாம். நம் முற்றங்களில் வெயில் உச்சிவேளைக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும், நாற்று வெளுத்து நெட்டையாகிவிடும்.

கீரைக்கு வருகிறேன். நம் செம்மண்ணில் தண்ணீர் ஊற்றி வெயில் பட்டால் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். கடுகைவிடச் சிறிய விதை, அதன் முளைக்கு அந்த ஓட்டை முட்டித் திறக்க ஏது வலு? முதல் வருடம் நானும் குழாயைப் பிடித்துப் பீய்ச்சினேன். விதையெல்லாம் பாத்தியின் ஒரு மூலையில் போய் ஒதுங்கி, அங்கே மட்டும் குடுமி மாதிரி முளைத்தது. மட்கிய சாணத்தைக் கிளறிவிட்டு, விதையோடு நாலு பங்கு மணல் கலந்து தூவி, மேலே மெல்லிசாக மணல் போடுங்கள். பூவாளியில் தெளித்து, நனைத்த சாக்கை மூடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து காலையும் மாலையும் தூக்கிப் பாருங்கள், முளை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் மறந்தால் சாக்கோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும்.

அப்புறம் எறும்பு. கீரை விதையை வரிசை கட்டித் தூக்கிப் போய்விடும். என் அப்பத்தா பாத்தியைச் சுற்றி ஒரு கை அரிசிக் குருணை தூவுவார்கள். எறும்புக்கு அது போதும், விதையை மறந்துவிடும். மருந்துப் பொடி போடலாமே என்று கேட்டால், “கீரையை நீதானே திங்கப் போறே?” என்பார்கள்.

இந்த மாசிக்கு வெண்டை, கொத்தவரை, புடல், பாகல், பீர்க்கு. வெயிலைத் தாங்கும் சாதிகள். பாகலுக்கும் புடலுக்கும் விதைத்தோல் தடிப்பு. ஒரு ராத்திரி ஊறவைத்து ஈரத் துணியில் முடிந்து வையுங்கள். வாய் விண்டதும் ஒரு விரற்கணு ஆழத்தில் ஊன்றினால் போதும். வெண்டையை நேரடியாகவே ஊன்றலாம், ஒன்றரை மாதத்தில் காய் பறிக்கலாம். பந்தலை இப்போதே போட்டுவிடுங்கள். கொடி வந்தபிறகு கம்பு தேடி அலையக் கூடாது.

மற்றபடி தினமும் காலையில் தோட்டத்தில் சும்மா ஒரு சுற்று சுற்றுங்கள். நான் குனிந்து குனிந்து நடப்பதைப் பார்த்து, “தோடு தொலைஞ்சிருச்சா?” என்று என் கணவர் கேட்பார். இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சி அடைவதும், மதியம் முதலில் வாடும் செடி எது என்பதும் அப்படி நடந்தால்தான் கண்ணில் படும். மண்வெட்டியைக் கையில் எடுக்காதீர்கள். எடுத்தால் எதையாவது கொத்தத் தோன்றும்.

பீர்க்கங்காய் இரண்டை விதைக்கென்று கொடியிலேயே காயவிட்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்கிறது. காரைக்குடிப் பக்கம் வந்தால் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். விதை எடுத்தபின் மிஞ்சும் நார்க்கூடு உடம்பு தேய்க்க உதவும், அதை எறிந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆச்சி