எல் போர்டோடு பாண்டிச்சேரி வரை தனியாகவா?

வணக்கம் அக்கா. எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) வாங்கிப் பத்தே நாளான மகன், கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்குத் தனியாகக் காரை எடுத்துப்போகக் கேட்கிறான், மறுத்தால் கோபிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். இதில் பேச்சே இல்லை, கொடுக்காதீர்கள். எல்எல்ஆர் இருந்தாலும் லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும், முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்டியிருக்க வேண்டும். 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்கே போக முடியும். சட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிடுங்கள், வீட்டில் சண்டை குறையும்.

என் மகளுக்குத் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் பக்கம்தான் பழக்கினேன். ஞாயிறு விடியற்காலை 6 மணிக்குப் போய்விடுவோம். மாலையில் அங்கே கூட்டம், தலைகாட்டவே கூடாது. முதல் வாரம் முழுக்க கிளட்சும் பிரேக்கும் மட்டும்தான். இல்லாத பிரேக்கை நான் மிதித்து மிதித்தே என் பக்கத்து மேட் மடங்கிப்போனது. ஒருநாள் நாய் குறுக்கே வந்தபோது "ஐயோ" என்று கத்திவிட்டேன். அவள் பதறி ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டாள். நாயைவிட என் கத்தல்தான் ஆபத்து. அப்புறம் "மெதுவா", "நிறுத்து", இந்த இரண்டு சொல்தான் பேசுவது என்று வைத்துக்கொண்டோம்.

பாண்டி ரோட்டில் பஸ்கள் வருகிற வேகம் உங்களுக்கே தெரியும். லைசென்ஸ் வந்த பிறகும் முதல் நாலைந்து தடவை நீங்களும் கூடவே போங்கள்.