கல்லூரி ரசீதில் உள்ள ‘இன்சூரன்ஸ்’ காய்ச்சலுக்கு உதவுமா?

கேள்வி: மகன் சேலத்தில் பொறியியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறான். கருப்பூர்ப் பக்கம் விடுதி. கட்டண ரசீதில் இன்சூரன்ஸ் என்று ஒரு தொகை வாங்கியிருக்கிறார்கள். ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியும் குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு தந்திருக்கிறது. முகவரோ, மகன் பெயரில் தனியாக ஒரு பாலிசி எடுக்கச் சொல்கிறார். தேவையா? எனக்குச் சர்க்கரை இருக்கிறது.

பதில்: எடுங்கள். முகவர் தன் கமிஷனுக்காகச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் உங்கள் விஷயத்தில் அவர் சொன்னது சரி.

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மழைக்காலம் தொடங்கினால் விடுதிப் பிள்ளைகள் காய்ச்சலோடு வரிசையாக வருவார்கள். கூட வரும் வார்டன், கல்லூரியிலேயே இன்சூரன்ஸ் கட்டியாகிவிட்டது என்று அடையாள அட்டையை நீட்டுவார். அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் அது தனிநபர் விபத்துக் காப்பீடாக இருக்கும். விபத்தில் உயிர் போனால், கை கால் அல்லது கண் போனால் பணம் தருவார்கள். சிலவற்றில் விபத்துச் சிகிச்சைக்கு ஒரு சிறு தொகையும், கட்டணம் கட்டும் பெற்றோர் விபத்தில் இறந்தால் படிப்புச் செலவும் சேர்ந்திருக்கும். டெங்குவுக்கும் குடல்வாலுக்கும் அதில் ஒரு ரூபாயும் வராது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. தலைக்குச் சில நூறு ரூபாயில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. உங்கள் கல்லூரியுடையது எந்த வகை என்று அலுவலகத்தில் பாலிசி நகல் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரசீதை மட்டும் நம்ப வேண்டாம்.

கம்பெனிக் காப்பீடு நல்ல விஷயம். இத்தகைய குழுக் காப்பீடுகள் பலவற்றில் பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலமே, அதாவது பாலிசி எடுத்த பிறகும் அந்த நோய்க்குப் பணம் தராத காலமே, கிடையாது. மகனின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று மட்டும் மனிதவளப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த 3 லட்சம் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான். ஒரே ஆண்டில் உங்களுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைக்க நேர்ந்தால் மகனுக்கு மிஞ்சுவது சொற்பம். வேலையை விட்டால் காப்பீடும் அதோடு போய்விடும்.

அப்படியானால் குடும்பம் முழுவதும் ஒரே தொகையைப் பகிர்ந்துகொள்ளும் ஃப்ளோட்டர் பாலிசி ஒன்றை எடுக்கலாமே என்று கேட்பீர்கள். பொதுவாக அதைத்தான் நானும் சொல்வேன். உங்களுக்குச் சொல்லாததற்குக் காரணம், ஃப்ளோட்டரில் குடும்பத்தின் மூத்தவர் வயதை வைத்தே பிரீமியம் போடுவார்கள் என்பதுதான். சர்க்கரை இருந்தால் கூடுதலாகவும் கேட்கலாம். பெரும்பாலான நிறுவனங்கள் பிள்ளைகளை 25 வயதோடு அதிலிருந்து விலக்கியும் விடுகின்றன. மகனுக்கு 18 முடிந்திருந்தால் அவன் பெயரிலேயே தனியாக 5 லட்சத்துக்கு எடுங்கள். இந்த வயதில் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான் ஆகும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு முன்பு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. உங்களுக்கும் மனைவிக்கும் வேறொரு பாலிசி பார்த்துக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தில் ஒன்றையும் மறைக்காதீர்கள். சின்ன வயதில் வீசிங் இருந்தது, இப்போது இல்லையே என்று விட்டுவிடுகிறார்கள். பையன் டிசம்பரில் நண்பர்களோடு ஏற்காட்டுக்குப் போய், குளிரில் மூச்சுத்திணறி இறங்கி வருவான். மருத்துவர் கேட்டதும் அவனே ‘சிறு வயதிலிருந்தே உண்டு’ என்று சொல்வான், அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறும், க்ளெய்ம் போய்விடும். சொல்லிவிட்டு எடுத்தால் அந்த நோய்க்கு மட்டும் அதிகபட்சம் 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். 2024 ஏப்ரலுக்கு முன் இது 4 ஆண்டாக இருந்தது. படிப்பு முடியும்போது அந்தக் காலமும் முடிந்திருக்கும்.

அறை வாடகை வரம்பைத்தான் நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் அது காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ஆனால் நாளுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. போக, ஒவ்வொரு க்ளெய்மிலும் 5 சதவீதத்தை நாமே ஏற்க வேண்டும். வரம்பைப் போல இரண்டு மடங்கு வாடகையுள்ள அறையில் சேர்த்தால், வாடகையில் மட்டுமல்ல, மருத்துவர் கட்டணத்திலும் அறுவை அரங்கக் கட்டணத்திலும் பாதியை வெட்டிவிடுவார்கள். மருந்து விலையில் இந்த வெட்டு வராது. பில் போடும் நாளில் இதைப் பெற்றோருக்கு விளக்குவதுதான் என் வேலையிலேயே கஷ்டமான பகுதி.

இன்னொன்று. காய்ச்சல் என்று படுக்கையில் சேர்த்தாலே பணம் வந்துவிடாது. பரிசோதனைக்காக மட்டும் சேர்த்ததாகத் தெரிந்தால் மறுப்பார்கள். தட்டணு எண்ணிக்கை இறங்கியது, டிரிப்ஸ் ஏற்றியது என்று சிகிச்சைக்கான காரணம் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் தெளிவாக இருக்க வேண்டும். மனநலச் சிகிச்சையையும் உடல் நோய்போலவே ஏற்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. விடுதிப் பிள்ளைகள் விஷயத்தில் இது தெரிந்திருப்பது நல்லது.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கில் விழுந்து வருபவர்களுக்குப் பாலிசி எண் நினைவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகள் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தருகின்றன. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையும் நகருக்குள்ளேயே இருக்கிறது.

கொலுசுப் பட்டறையிலோ விசைத்தறியிலோ வேலை பார்க்கும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முகவரைப் பார்ப்பதற்கு முன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேருங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம், பிரீமியம் கிடையாது. பிள்ளையின் பெயர் குடும்ப அட்டையில் இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டுமே கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக, பாலிசிக்குப் பணம் கட்டுமுன் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க் மருத்துவமனைப் பட்டியலில் ஓசூரைத் தேடாதீர்கள். கருப்பூரின் அஞ்சல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். நாம் பணம் கட்டாமல் நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகத் தரும் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்பது 2024 முதல் விதி. நீங்கள் பஸ்ஸில் வந்து சேருமுன்பே அனுமதி வந்திருக்கும். விடுதிக்கு அருகில் இருக்கிறதே என்று நெட்வொர்க்கில் இல்லாத நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டால், பெரும்பாலும் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு க்ளெய்ம் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு அசல் பில்கள், மருந்துச் சீட்டுகள், பரிசோதனை அறிக்கைகள், டிஸ்சார்ஜ் சுருக்கம் எல்லாமே வேண்டும். கார்டு தேய்த்த சீட்டை மட்டும் கொண்டுவந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.