வீட்டில் நண்பர்களோடு சிறு தொகைக்கு ஆடும் போக்கரில் அதிகம் ஜெயிப்பது எப்படி?

ஐந்து, பத்து ரூபாய் பிளைண்டில் (சீட்டைப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) நண்பர்களோடு டெக்சாஸ் ஹோல்டம் (கையில் இரண்டு, நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகளோடு ஆடும் போக்கர்) ஆடுவதாகவும், காணொளிகளைப் பார்த்து பிளஃப் செய்ய (நல்ல சீட்டு இல்லாமலேயே பெரிதாக வைத்து மற்றவரை விரட்ட) கற்றுக்கொண்டதாகவும், ஆனால் எவரும் சீட்டைக் கீழே வைத்து விலகாததால் பணம் கரைந்துகொண்டே போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான விடை அந்தக் கடைசிச் செய்தியிலேயே இருக்கிறது. சீட்டைக் கீழே வைக்காதவர்களிடம் பிளஃப் செய்வதை விட்டுவிடுங்கள். நல்ல சீட்டு வரும்போது, இப்போது வைப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு வையுங்கள்.

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்கு அருகே ஒரு மொட்டை மாடியில், நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமை இரவுகளில் ஆடி வருகிறேன். கேரம் போர்டுதான் எங்கள் மேசை. அதன் மரச்சட்டம் கடற்காற்றில் சீட்டு பறக்காமல் தடுக்கிறது. பழைய பவுடர் மிச்சமிருப்பதால் சீட்டு வழுக்கிக்கொண்டு வந்து சேரும். பெரும்பாலும் ஆறு பேர் இருப்போம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் கொண்டுவந்து தடை செய்த பிறகு, அதுவரை கைப்பேசியில் ஆடிக்கொண்டிருந்த தம்பிகள் இருவரும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

எங்களில் பெரும்பாலோர் மூணு சீட்டு ஆடி வளர்ந்தவர்கள். அந்த ஆட்டத்தில் காசைக் கொடுத்து ‘ஷோ’ கேட்பதுதான் சுவாரஸ்யமே. அந்தப் பழக்கத்தோடு போக்கருக்கு வருகிறவருக்கு, எதிராளியின் கையில் என்ன இருந்தது என்று தெரியாமல் தூக்கம் வராது. “பாத்துடலாம் அண்ணே” என்று சொல்லிக்கொண்டே காசை நடுவில் தள்ளுவார். அவரை பிளஃபால் விரட்ட முயன்று முதல் ஆண்டு முழுவதும் நான் தோற்றேன். பார்க்க ஆசைப்படுகிறவரிடம் பார்ப்பதற்கான விலையை வாங்க வேண்டும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

ஒரு கையை, அதாவது ஒரு சுற்று ஆட்டத்தை, முழுமையாகச் சொல்கிறேன். எனக்கு இரண்டு ராஜாக்கள் வந்திருந்தன. எனக்கு முன்னால் மூன்று பேர் பத்து ரூபாய் வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் இந்த இடத்தில் முப்பது வைப்பேன். ஐந்து பேரும் உள்ளே வருவார்கள். ராஜா ஜோடிக்கு மதிப்பே இராது. அன்று எண்பது வைத்தேன். இருவர் மட்டும் வந்தார்கள். நடுவில் 265 ரூபாய் சேர்ந்தது. ஃபிளாப்பில், அதாவது நடுவில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில், ஆட்டின் (ஹார்ட்) ஒன்பது, கிளாவர் ஏழு, ஆட்டின் இரண்டு விழுந்தன. நான் 180 வைத்தேன்; ஒருவர் சீட்டைப் போட்டுவிட்டார், மற்றவர் கட்டினார், அதாவது அதே தொகையை வைத்தார். நான்காவது சீட்டு கிளாவர் நாலு. அதனால் யாருக்கும் பெரிய உதவி இல்லை. நான் 400 வைத்தேன். அவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டு யோசித்தார், பிறகு கட்டினார். கடைசிச் சீட்டாக ஆட்டின் மூன்று விழுந்தது. அவர் உடனே 300 வைத்தார். நான் ராஜாக்களைக் கவிழ்த்து வைத்து விலகினேன். அவர் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார்: ஆட்டின் ராணியும் ஆட்டின் ஐந்தும். நடுவில் இருந்த மூன்று ஆட்டின்களோடு சேர்ந்து அது ஃபிளஷ் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு); ராஜா ஜோடியை அது வெல்லும்.

அந்தக் கையில் 660 ரூபாய் இழந்தேன். ஆயினும் அன்று நான் செய்தது ஒவ்வொன்றும் சரிதான் என்பதை நீங்கள் கணக்குப் போட்டே பார்க்கலாம். நான்காவது சீட்டுக்குப் பின் நடுவில் இருக்கும் நான்கையும், என் சீட்டுகளையும் அவர் சீட்டுகளையும் கழித்தால், வெளியே 44 சீட்டுகள் இருக்கின்றன. அவற்றில் அவரைக் காப்பாற்றக்கூடிய ஆட்டின்கள் 9. அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறைதான் அவர் தப்ப முடியும். அந்த வாய்ப்புக்காக, 1,025 ரூபாயைப் பெற அவர் 400 ரூபாய் கொடுத்தார். இதே நிலையில் நூறு முறை கட்டினால், ஒவ்வொரு முறைக்கும் சராசரியாக நூறு ரூபாய்க்கு மேல் அவர் இழப்பார். அந்த நூறு ரூபாய்தான் உங்கள் வருமானம். அன்றிரவு அது உங்கள் கைக்கு வராமல் போகலாம். இதை மனப்பூர்வமாக நம்பாதவர் அடுத்த முறை ராஜாக்கள் வந்தால் பயந்து நாற்பது வைப்பார், அங்கேதான் சரிவு தொடங்கும்.

கடைசியில் நான் கவிழ்த்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதுவரை கட்டிக்கொண்டே வந்தவர், மூன்றாவது ஆட்டின் விழுந்ததும் தானாக முன்வந்து பெரிய தொகை வைத்தால், எங்கள் மாடியில் அது பிளஃபாக இருந்ததை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. எப்போதும் கட்டுகிறவர் திடீரென்று வைத்தால் நம்பிவிடுங்கள். ஜெயிக்கும் பணத்தில் பாதி, இப்படிக் கொடுக்காமல் காப்பாற்றிய பணம்.

எந்தச் சீட்டோடு உள்ளே போவது என்பதை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. ஒரே ஜாதிச் சீட்டு இரண்டு வந்துவிட்டது என்பதற்காக மட்டும் போகாதீர்கள். ஃபிளாப்பிலேயே ஃபிளஷ் அமைவது ஏறத்தாழ 119 முறைக்கு ஒரு முறைதான். சின்ன ஜோடிகள் வேறு. அதே எண் ஃபிளாப்பில் விழுந்து ஜோடி மூன்றாக மாறுவது, எட்டு அல்லது ஒன்பது முறைக்கு ஒரு முறை நடக்கும். எனவே மலிவாக உள்ளே போக முடிந்தால் போய், விழுந்தால் பெரிதாக வைத்து, விழாவிட்டால் வருத்தமில்லாமல் விலகலாம். இரண்டு ஏஸ் 221 கைக்கு ஒரு முறைதான் வரும். எங்கள் வேகத்தில் ஓர் இரவுக்கு நூறு கைதான் போகும் என்பதால், இரண்டு சனிக்கிழமை காத்திருந்தும் வராமல் போவது இயல்பு. அந்தக் காத்திருப்பில் சலிப்படைந்து ஒன்பதையும் நாலையும் வைத்துக்கொண்டு ஆடுவதுதான் பெரும்பாலோரின் நஷ்டத்துக்குக் காரணம். கூடியவரை, உங்களுக்குப் பின்னால் பேச வேண்டியவர்கள் குறைவாக இருக்கும் இடத்தில் அதிகக் கைகள் ஆடுங்கள். மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது பெரிய சலுகை.

எல்லாரும் கட்டுகிற மேசையில் 300 ரூபாயோடு உட்கார்வது தவறு. அனுமதிக்கும் அதிகபட்சத் தொகையோடு உட்காருங்கள். நல்ல கை வரும்போது வைப்பதற்கு உங்கள் எதிரே பணம் இருக்க வேண்டும்.

ஒரு நோட்டில் தேதி, நேரம், கொண்டுபோனது, கொண்டுவந்தது ஆகிய நான்கையும் எழுதுங்கள். என் நோட்டில் கடைசி 46 இரவுகளில் 27 லாபம், 19 நஷ்டம். சராசரி ஓர் இரவுக்கு 200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சிறிய மேசையில் நன்றாக ஆடினாலும் தொகை இவ்வளவுதான், இதற்கு மேல் எதிர்பார்த்தால் ஆட்டம் கெட்டுவிடும்.

எங்கள் மாடியில் இடம் கொடுப்பவர் பங்கு எடுப்பதில்லை, கடன் கிடையாது, எழுந்திருக்கும்போதே ஜீபேயில் கணக்குத் தீர்ந்துவிட வேண்டும். சென்ற ஆண்டு எங்களில் ஒருவருக்கு வேலை போனது. இரண்டு வாரம் அவர் தன் கைக்கு மீறித் தோற்றதைப் பார்த்தோம். மூன்றாவது வாரம், யாரும் காரணம் சொல்லாமலேயே பிளைண்டை இரண்டு, ஐந்தாகக் குறைத்தோம். என் சராசரி பாதியானது. அவர் இன்றும் ஏழரை மணிக்கெல்லாம் வந்து, முதல் ஆளாகக் கேரம் போர்டைத் துடைத்து வைக்கிறார்.