வறட்சியும் தானிய விலையும்: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை வட்டார வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (கோழிப்பண்ணையாளர், வேலந்தாவளம்): தீவனத்துக்கு உள்நாட்டு மக்காச்சோளத்தைத்தான் வாங்குகிறோம். அமெரிக்காவில் மழை பொய்த்தால் அதன் விலை ஏன் ஏறுகிறது, ஐயா?

பதில்: உலக மக்காச்சோளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவில் விளைகிறது. 2012இல் மணி பிடிக்கும் பருவத்தில் அங்கே வெயிலும் வறட்சியும் சேர்ந்து தாக்கியதால், ஜூன் தொடக்கத்தில் 6 டாலருக்குக் கீழே இருந்த ஒரு புஷல், அதாவது சுமார் 25 கிலோ, ஆகஸ்டில் 8 டாலரைத் தாண்டியது. முந்தைய ஆண்டைவிட விளைச்சல் குறைந்ததோ எட்டில் ஒரு பங்கு அளவுதான். மனிதர்கள் உண்பதை எளிதில் குறைத்துக்கொள்வதில்லை; ஆகவே மக்காச்சோளத்திலிருந்து எரிபொருள் தயாரிக்கும் எத்தனால் ஆலையும் மாட்டுப்பண்ணையும் வாங்குவதைக் குறைக்கும்வரை விலை ஏறிக்கொண்டே போகும். அப்போது தென்கிழக்கு ஆசிய வியாபாரிகள் இந்திய மக்காச்சோளத்தைத் தேடி வந்தார்கள். ஏற்றுமதியாளர் கொடுக்கும் விலையை உள்ளூர்த் தீவன ஆலையும் கொடுத்தாக வேண்டியிருந்தது.

கேள்வி (அரிசிக் கடைக்காரர், கொழிஞ்சாம்பாறை): 2023இல் அரிசி ஏற்றுமதியைத் தடை செய்யும் அளவுக்கு நாட்டில் பஞ்சமா இருந்தது?

பதில்: இல்லை. எல் நினோ (பருவமழையைக் குறைக்கக்கூடிய பசிபிக் கடல் வெப்ப உயர்வு) வரும் என்ற அச்சத்தோடு, உள்நாட்டு விலையும் ஏறிக்கொண்டிருந்ததால், ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத பச்சரிசிக்குத் தடை வந்தது. அந்த ஆகஸ்ட், 1901க்குப் பிறகு மழை மிகக் குறைந்த ஆகஸ்டாக அமைந்தபோதிலும், ஆண்டு முடிவில் அரிசி உற்பத்தி குறையவில்லை. ஆனால் உலகில் விளையும் அரிசியில் பத்தில் ஒரு பங்கு அளவே எல்லை தாண்டுகிறது. அதிலும் ஏறக்குறைய 40 சதவீதம் இந்தியாவுடையது. அந்தக் கதவைச் சாத்தியதும் வெளிநாட்டில் விலை எகிறியது. வறட்சியைவிட, வறட்சிக்குப் பயந்து அரசுகள் எடுக்கும் முடிவே பலமுறை பெரிய சேதம் செய்கிறது என்பது என் கருத்து; 2010இல் ரஷ்யா கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியபோதும் இதுவே நடந்தது. (நம் பக்கம் அதிகம் விற்கும் புழுங்கலரிசிக்கு அப்போது தடை வரவில்லை; 20 சதவீத ஏற்றுமதி வரியோடு விட்டுவிட்டார்கள்.)

கேள்வி (கல்லூரி மாணவி, பாலக்காட்டுச் சித்தூர்): உலகக் கையிருப்பு போதுமான அளவு இருக்கும்போதும் சந்தை ஏன் பதறுகிறது?

பதில்: கோதுமைக் கையிருப்பில் சுமார் பாதி சீனாவின் கிடங்குகளில் இருக்கிறது, அது உலகச் சந்தைக்கு விற்பனைக்கு வருவதில்லை. ஏற்றுமதி நாடுகளின் இருப்பை மட்டும் பாருங்கள்; அது குறைந்தாலே சந்தை பதறும்.

கேள்வி (விவசாயி, வேலந்தாவளம்): ஆளியாற்றுத் தண்ணீர் வராமல் எங்கள் நெல் கருகியபோது மட்டும் விலை ஏறவில்லையே?

பதில்: ஒரு தாலுகாவின் இழப்பைச் சந்தை உணர்வதில்லை, ஆந்திரத்து ஜெயா அரிசி லாரியில் வந்து அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. அரசு கொள்முதல் விலையும் உங்கள் வயலின் நிலையைப் பார்த்து மாறுவதில்லை. விளைச்சலும் போய், விலையும் கிடைக்காத நிலையில், பயிர்க் காப்பீடு ஒன்றுதான் வழி. கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) கடைசித் தேதியைக் கேட்டு, விதைப்புப் பருவத்திலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.