அப்பா இல்லை, விடியற்காலைப் படபடப்பு மட்டும் போகவில்லை

கேள்வி: எனக்கு 43 வயது. தம்பி, தங்கை உண்டு. அப்பா இறந்து 5 மாதம் ஆகிறது. எங்கள் மூவருக்கும் திருமணமான பிறகும் தினமும் காலை 5 மணிக்குப் போன் செய்து முந்தைய நாள் கணக்குக் கேட்பார். அவரைக் கேட்காமல் எதுவும் செய்ய முடியாது. அவர் போனபோது அழுகை வரவில்லை, 'அப்பாடா' என்றுதான் இருந்தது. ஆனால் இன்னமும் 5 மணிக்கு விழித்துவிடுகிறேன், நெஞ்சு படபடக்கிறது. தம்பி அப்பா மாதிரியே அதட்டுகிறான். தங்கை போனை எடுப்பதில்லை. தம்பிக்கு எழுதிக்கொடுத்த, பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையில் பாதியை 3 வாரமாக இரவில் போட்டுக்கொள்கிறேன். இது மனநோயா?

பதில்: முதலில் மாத்திரை. இன்னொருவருக்கு எழுதிய மாத்திரை உங்களுக்கு வேண்டாம். ஆனால் 3 வாரம் தொடர்ந்து போட்டதை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். அல்பிரசோலத்துக்கு உடம்பு வேகமாகப் பழகிவிடும்; திடீரென நிறுத்தினால் தூக்கமின்மையும் பதற்றமும் முன்னைவிட அதிகமாகத் திரும்பும். பலர் இதை நோய் முற்றிவிட்டதாக நினைத்து மறுபடி மாத்திரையைத் தேடுவார்கள். இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பார்த்து, படிப்படியாகக் குறையுங்கள். அப்போதே இசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை நான்கையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகம் சுரந்தாலும், ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும். எல்லாவற்றையும் துக்கத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. நெஞ்சுவலி தாடைக்கோ கைக்கோ பரவினாலும், வியர்த்துக் கொட்டினாலும், மயக்கம் வந்தாலும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

மனநோயா என்ற கேள்விக்கு, நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், இல்லை. நிம்மதி தோன்றியதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள். பல வருட அழுத்தம் விலகும்போது நிம்மதி வரும். பாசமும் கோபமும் அதனோடு சேர்ந்தே இருக்கும். அழுகை மாதக்கணக்கில் தள்ளி வருவதும் உண்டு. நீடித்த துக்கக் கோளாறு என்று பெயர் சூட்ட, உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டின்படியே குறைந்தது 6 மாதம் கடந்திருக்க வேண்டும். அன்றாட வேலைகளும் முடங்கியிருக்க வேண்டும். மனச்சோர்வு நோய்க்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. நாள் முழுக்க வெறுமை, எதிலும் நாட்டமின்மை, பசியும் தூக்கமும் கெடுவது ஆகியவை 2 வாரம் நீடித்தாலே சிகிச்சை தேவை. சாகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்த 5 மணி விழிப்பு, உடம்பு பார்க்கும் காவல் வேலை. மணி அடிக்கும் முன்பே தயாராக இருந்தால் திட்டு குறையும் என்று மூளை கற்றுவைத்திருக்கிறது. அவர் இறந்த செய்தி அறிவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அந்தக் காவலுக்கு இன்னும் சேரவில்லை. போன் மணியோசையை இன்றே மாற்றுங்கள். இரவில் போன் வேறு அறையில் இருக்கட்டும். விழித்ததும் மணி பார்க்காதீர்கள். 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள், 5 நிமிடம். சுமார் 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கினால் மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். இரவு எப்படிப் போனாலும் காலையில் எழும் நேரம் ஒன்றாகவே இருக்கட்டும். பகலில் ஈடுகட்டத் தூங்கினால் மொத்த முயற்சியும் வீண். முதல் வாரம் சிரமமாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

இனி தம்பி, தங்கை. நீங்கள் மூவரும் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசிப் பழகியதே குறைவாக இருந்திருக்கும். எல்லாச் செய்தியும் அப்பா வழியாகவே போய் வந்திருக்கும். கட்டளை இடுபவர், கீழ்ப்படிபவர் என்ற இரண்டே இடங்கள் உள்ள வீட்டில் முதல் இடம் காலியானால், யாராவது ஒருவர் அதில் போய் உட்கார்ந்துவிடுவார். தம்பிக்குத் தெரிந்த பொறுப்பின் உருவம் அது ஒன்றுதான். தங்கையை, சின்ன வயதில் திட்டு விழாமல் காத்தது மௌனமாக இருந்திருக்கும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு பத்து முறை போன் அடித்தால், அவருக்கு நீங்களும் இன்னொரு அப்பா ஆகிவிடுவீர்கள். "பதில் போட வேண்டாம், நலமா என்று கேட்கத்தான்" என்று வாரம் ஒரு செய்தி போதும்.

தங்கை இணங்கும்போது மூவரும் 40 நிமிடம் சந்தியுங்கள். அப்பாவின் அறையில் வேண்டாம். முதல் சந்திப்பில் சொத்துப் பேச்சு வேண்டவே வேண்டாம். கெடு உள்ள காகிதங்களை மட்டும் முடித்துவிட்டு மற்றதைத் தள்ளிவையுங்கள். ஆளுக்கு 5 நிமிடம், குறுக்கே யாரும் பேசக் கூடாது. "அப்பா இருந்தா ஒத்துக்கவே மாட்டார்" என்ற வாக்கியத்துக்குத் தடை போடுங்கள். அதற்குப் பதில் "எனக்கு இது வேணும்" என்று சொல்லிப் பழகுங்கள். இந்தச் சந்திப்புகள் பெரும்பாலும் உடைவது ஒரே இடத்தில்தான்: "நீதான் அவருக்குச் செல்லம்." ஒரே அப்பாதான், ஆனால் மூன்று பேருக்கு மூன்று விதமாக இருந்திருப்பார், யாருடைய நினைவு சரி என்று தீர்ப்பு சொல்லாதீர்கள். குரல் உயர்ந்தால் 20 நிமிடம் விலகி இருங்கள். பொங்கிய உடம்பு அடங்க அவ்வளவு நேரமாவது வேண்டும். அதற்குள் திரும்பவும் உட்கார்ந்தால் அதே சண்டைதான்.

தம்பி அதட்டும்போது விளக்கம் கொடுக்காதீர்கள். "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்று நிறுத்துங்கள். முதல் சில முறை உங்கள் கை நடுங்கும், அவர் குரலும் இன்னும் ஏறும். அப்போதும் அதே வாக்கியத்தையே சொல்லுங்கள்.

2 வாரம் படுத்த நேரம், உத்தேசமாக விழித்த நேரம், போட்ட மாத்திரை மூன்றையும் ஒரு தாளில் குறித்து, மறுமுறை மருத்துவரிடம் போகும்போது கொண்டுபோங்கள். மாத்திரையைக் குறைக்கும் வேகத்தை அவர் அதைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார்.