சை யங் விருது யாருக்குப் போயிருக்க வேண்டும்? ஒரு கழித்தல் போட்டுப் பாருங்கள்

"அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் சிறந்த பிட்சருக்கான (பந்து வீசுபவருக்கான) சை யங் விருதை அறிவித்ததும் ரசிகர்கள் ஏன் ஆண்டு தவறாமல் மோதிக்கொள்கிறார்கள்? யார் பக்கம் நியாயம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பது கேள்வி.

மோதலுக்குக் காரணம், 'சிறந்த' என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் இல்லாததுதான். ஒருவர் குறைந்த இன்னிங்ஸில் மிரட்டியிருப்பார். இன்னொருவர் தரத்தில் ஒரு படி கீழே இருந்தாலும் சீசன் முழுக்க அணியைச் சுமந்திருப்பார். முதலாமவரின் ரசிகர்கள் ஈஆர்ஏவை (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்னை) காட்டுவார்கள், இரண்டாமவரின் ரசிகர்கள் இன்னிங்ஸைக் காட்டுவார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்காமல் பேசுவதால் பேச்சு முடிவதே இல்லை. ஆனால் வைக்க முடியும். அதற்கு ஒரு கழித்தல் போதும்.

முதலில் ஈஆர்ஏ. ஃபீல்டர்களின் தவறால் வந்த ரன்களை நீக்கிவிட்டு, பிட்சரின் கணக்கில் எழுதப்படும் ரன்களை 'எர்ன்ட் ரன்' என்பார்கள். அதை 9-ஆல் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுத்தால் ஈஆர்ஏ. குறைவாக இருந்தால் நல்லது. புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் ஓரிடத்தில் கட்டாயம் வழுக்குவார்கள்: 213.1 இன்னிங்ஸ் என்று எழுதியிருந்தால் அது தசமம் இல்லை. ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என்பதால் .1 என்றால் மூன்றில் ஒரு பங்கு, .2 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. எக்செலில் அப்படியே போட்டால் விடை பிசகும். 213.33 என்று மாற்றிப் போடுங்கள்.

இப்போது 2021 நேஷனல் லீக் (மேஜர் லீகுக்குள் நேஷனல், அமெரிக்கன் என்று இரண்டு லீக், விருதும் தனித்தனி). இன்றைக்கும் ஆறாத சண்டை அது. மில்வாக்கியின் கார்பின் பர்ன்ஸ் 167 இன்னிங்ஸில் 45 எர்ன்ட் ரன் கொடுத்தார், ஈஆர்ஏ 2.43. ஃபிலடெல்ஃபியாவின் ஸாக் வீலர் 213.1 இன்னிங்ஸில் 66 ரன் கொடுத்தார், ஈஆர்ஏ 2.78. முதலிட வாக்குகள் இருவருக்கும் தலா 12. இரண்டாம் இட வாக்குகள் அதிகம் கிடைத்ததால் 151-க்கு 141 என்ற புள்ளிக் கணக்கில் பர்ன்ஸ் வென்றார்.

வீலரிடமிருந்து பர்ன்ஸைக் கழியுங்கள். 46.1 இன்னிங்ஸ், 21 ரன். அந்த மிச்சத்துக்கு மட்டும் ஈஆர்ஏ போட்டால் 4.08 வருகிறது. அதாவது வீலரை வைத்திருப்பது, பர்ன்ஸையும் கூடவே 46 இன்னிங்ஸுக்கு 4.08 ஈஆர்ஏ உள்ள இன்னொரு பிட்சரையும் வைத்திருப்பதற்குச் சமம். கேள்வி இப்போது சுருங்கிவிட்டது: அந்த 46 இன்னிங்ஸை வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும் 4.08-ஐ விட நன்றாக வீசியிருப்பார்களா? அந்த ஆண்டு மேஜர் லீக் சராசரியே 4.2-ஐத் தாண்டியிருந்தது. மைனர் லீகிலிருந்து அவசரத்துக்குக் கூப்பிடும் பிட்சர் 5-க்கு மேல்தான் போவார். ஆகவே ரன் கணக்கை மட்டும் பார்த்தால் என் வாக்கு வீலருக்கு.

நான் பின்பற்றும் அளவு இது. மிச்சத்தின் ஈஆர்ஏ லீக் சராசரியை ஒட்டியோ கீழேயோ இருந்தால் அதிக இன்னிங்ஸ் வீசியவர் பக்கம் சாய்வேன். 5-ஐத் தாண்டினால் குறைந்த இன்னிங்ஸ்காரர் பக்கம். இடையில் நின்றால்தான் மற்ற வாதங்களுக்கு வேலை.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் பேசும். 2018 அமெரிக்கன் லீகில் பிளேக் ஸ்னெல் 180.2 இன்னிங்ஸ்தான் வீசினார், ஹூஸ்டனின் ஜஸ்டின் வெர்லாண்டர் 214. விருது ஸ்னெலுக்குப் போனதும், "33 இன்னிங்ஸ் குறைவாக வீசியவருக்கா?" என்று ஹூஸ்டன் ரசிகர்கள் கொதித்தார்கள். ஸ்னெல் கொடுத்தது 38 ரன், வெர்லாண்டர் 60. கழித்தால் 33.1 இன்னிங்ஸுக்கு 22 ரன், ஈஆர்ஏ 5.94. அந்தக் கூடுதல் இன்னிங்ஸால் அணிக்குப் பெரிய ஆதாயம் இல்லை. 2023-இல் ஸ்னெல் நேஷனல் லீகில் மறுபடி வென்றபோதும் அப்படித்தான். சான் பிரான்சிஸ்கோவின் லோகன் வெப் 36 இன்னிங்ஸ் அதிகம் வீசினார், ஆனால் 33 ரன் அதிகம் கொடுத்தார். மிச்சம் 8.25. அந்த ஆண்டு ஸ்னெல் 99 பேரை 'வாக்' மூலம் (நான்கு தவறான பந்து வீசி, இலவசமாக பேஸுக்கு) அனுப்பினார் என்பதைச் சொல்லியே பலர் எரிந்து விழுந்தார்கள். பார்க்க எரிச்சலூட்டும் பிட்சிங்தான், ஒப்புக்கொள்கிறேன். பேஸில் ஆள் நிற்பது வேறு, ரன் எடுப்பது வேறு.

வெற்றி–தோல்விக் கணக்கைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளரின் பெயரில் வெற்றியை எழுதுவதில்லை, பேஸ்பாலில் எழுதுவார்கள். ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீசி, அணி முன்னிலையில் இருக்கும்போது வெளியேறி, பின்னால் வருபவர்கள் அந்த முன்னிலையைக் காப்பாற்றினால் அவருக்கு ஒரு வெற்றி. இதில் பாதி அவர் கையில் இல்லை. 2005-இல் பார்ட்டோலோ கொலோன் 21 வெற்றிகளோடு விருதை அள்ளிக்கொண்டு போனார். யோஹான் சன்டானா அவரைவிட 9 இன்னிங்ஸ் அதிகம் வீசி 12 ரன் குறைவாகக் கொடுத்திருந்தும் மூன்றாவதாகத்தான் வந்தார். கழிக்கவே தேவையில்லாத கணக்கு, அப்பட்டமான பிழை.

அந்தப் பழக்கத்தை உடைத்தது 2010. சியாட்டிலின் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13 வெற்றி, 12 தோல்வி. யாங்கீஸின் சி.சி. சபாத்தியா 21 வெற்றி, 7 தோல்வி. சியாட்டில் அந்த சீசன் முழுக்க எடுத்தது 513 ரன், யாங்கீஸ் 859. ஹெர்னாண்டஸ் சபாத்தியாவை விட 12 இன்னிங்ஸ் கூடுதலாக வீசி 21 ரன் குறைவாகக் கொடுத்தார். அன்றிருந்த 28 வாக்காளர்களில் 21 பேர் அவரை முதலிடத்தில் வைத்தார்கள். 2018-இல் ஜேக்கப் டிகிராம் 10 வெற்றி, 9 தோல்வியோடு 30-இல் 29 முதலிட வாக்குகளை வாங்கினார். 2025-இல் பிட்ஸ்பர்க்கின் பால் ஸ்கீன்ஸ் 10 வெற்றி, 10 தோல்வி, ஈஆர்ஏ 1.97. முப்பது பேரும் அவருக்கே போட்டார்கள். இன்னமும் வெற்றி எண்ணிக்கையைக் காட்டி வாதாடுபவரிடம் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

தகுதி ஒருபுறம் இருக்க, வாக்கு எண்ணும் முறையே முடிவைப் புரட்டிப் போடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் "ஊழல்" என்று கத்துபவர்கள்தான் அதிகம். வாக்களிப்பது அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் செய்தியாளர்கள். ஓர் அணிக்கு இருவர் என்று ஒரு லீகுக்கு இப்போது 30 பேர். பிளேஆஃப் தொடங்கும் முன்பே சீட்டைக் கொடுத்துவிட வேண்டும், ஆகவே "அக்டோபரில் சொதப்பினாரே" என்ற வாதம் செல்லாது. சீட்டில் ஐந்து பெயர். முதலிடத்துக்கு 7 புள்ளி, பிறகு 4, 3, 2, 1. முதலுக்கும் இரண்டுக்கும் உள்ள இடைவெளி மூன்று புள்ளி என்பதால் முதலிட வாக்குக்குக் கனம் அதிகம். ஆனால் அந்த பிட்சரின் பெயரே இல்லாத ஒரு சீட்டு அந்தக் கனத்தைக் கரைத்துவிடும்.

2016 அமெரிக்கன் லீக்தான் இதற்குப் பாடம். டெட்ராய்ட்டின் வெர்லாண்டருக்கு 14 முதலிட வாக்கு. பாஸ்டனின் ரிக் போர்செல்லோவுக்கு 8 மட்டுமே. வென்றவர் போர்செல்லோ, 137-க்கு 132. எப்படி? போர்செல்லோவுக்கு 8 முதலிடம், 18 இரண்டாம் இடம், 2 மூன்றாம் இடம், நான்கிலும் ஐந்திலும் ஒவ்வொன்று: 56, 72, 6, 2, 1, மொத்தம் 137. வெர்லாண்டருக்கு 14 முதலிடம், 2 இரண்டாம் இடம், 5 மூன்றாம் இடம், 4 நான்காம் இடம், 3 ஐந்தாம் இடம்: 98, 8, 15, 8, 3, மொத்தம் 132. வெர்லாண்டரின் வாக்குகளைக் கூட்டிப் பாருங்கள், 28தான் வரும். டாம்பா பே பகுதிச் செய்தியாளர்கள் இருவரின் சீட்டில் அவர் பெயரே இல்லை. இருவரும் மூன்றாம் இடம் கொடுத்திருந்தால்கூட ஆறு புள்ளி சேர்ந்து 138 ஆகியிருக்கும்.

இங்கே எனக்கு உறுத்துவது அந்த இருவர் மட்டுமல்ல. வெர்லாண்டர் போர்செல்லோவை விட 4.2 இன்னிங்ஸ் அதிகம் வீசி ஒரு ரன் குறைவாகக் கொடுத்தார். ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது) 254-க்கு 189. போர்செல்லோவின் பலம் 'வாக்' மிகக் குறைவு என்பதும், 878 ரன் குவித்த அணி பின்னால் இருந்ததால் வந்த 22 வெற்றிகளும். 2010-இல் செத்துவிட்டதாக நினைத்த வாதம் அந்த ஆண்டு ஒருமுறை உயிர்த்தெழுந்தது.

சீட்டில் ஐந்து பெயர் என்ற ஏற்பாடும் முன்பு இல்லை. 2009 வரை மூன்று பெயர், 5-3-1 புள்ளி. அந்த ஆண்டு நேஷனல் லீகில் அதிக முதலிட வாக்கு வாங்கிய ஆடம் வெய்ன்ரைட் (12) மூன்றாவதாக வந்தார். 11 வாங்கிய டிம் லின்சிகம் வென்றார். இடையில் வந்த கிறிஸ் கார்ப்பென்டரை இரண்டு பேர் சீட்டிலேயே சேர்க்கவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து ஐந்து பெயர்.

இனி கழித்தலின் ஓட்டைகள். ரன் என்பது பிட்சர் மட்டும் கொடுப்பதல்ல. ஃபீல்டர்கள் மோசமாக இருந்தால் தவறு என்று எழுதப்படாமலே ரன் கூடும். அதற்காக வந்தது, ஃபீல்டர்களின் கையில் இல்லாதவற்றை மட்டும் எண்ணும் எஃப்ஐபி. ஹோம் ரன்னை 13-ஆல் பெருக்குங்கள். 'வாக்' எண்ணிக்கையையும் பந்து உடம்பில் பட்டுப் போனவர்களையும் கூட்டி 3-ஆல் பெருக்கிச் சேருங்கள். ஸ்ட்ரைக்அவுட்டை 2-ஆல் பெருக்கிக் கழியுங்கள். இன்னிங்ஸால் வகுத்து, விடையை ஈஆர்ஏ அளவுக்குக் கொண்டுவரும் அந்த ஆண்டின் மாறிலியைச் சேருங்கள். 2021-இல் மாறிலி 3.17. பர்ன்ஸுக்கு ஹோம் ரன் 7, வாக் 34, உடம்பில் பட்டது 6, ஸ்ட்ரைக்அவுட் 234. 91-உம் 120-உம் சேர்ந்து 211, அதில் 468 போனால் மைனஸ் 257. 167-ஆல் வகுத்தால் மைனஸ் 1.54. மாறிலியைச் சேர்த்தால் 1.63. நம்ப முடியாத எண் அது. வீலருக்கு 2.59.

ஃபேன்கிராஃப்ஸ் என்ற புள்ளிவிவரத் தளம் தன் 'வார்' கணக்கை (அவசரத்துக்குக் கூப்பிடும் மாற்று வீரரைவிட ஒருவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்பதை) எஃப்ஐபியிலிருந்து கட்டுகிறது. அதனால் பர்ன்ஸை ஒரு மயிரிழை முன்னே வைத்தது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளம் உண்மையில் கொடுத்த ரன்களிலிருந்து தொடங்கி, ஃபீல்டிங்குக்கும் மைதானத்துக்கும் சரிக்கட்டுகிறது. அதனால் வீலர் தெளிவாக முன்னே. "வாரில் இவர்தான் மேலே" என்று யாராவது சொன்னால், எந்தத் தளத்து வார் என்று முதலில் கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். கடந்த சீசனுக்கான பரிசில் நடந்ததைத்தான் எண்ண வேண்டும் என்பது என் நிலை. எஃப்ஐபி அடுத்த ஆண்டைக் கணிக்க நல்ல கருவி. ஆனாலும் பர்ன்ஸின் 1.63-ஐப் பார்த்து அவருக்குப் போட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மைதானத்தையும் மறக்கக்கூடாது. டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்து பந்து தூரம் போகும், வளைவதும் குறையும். கொலராடோ ராக்கீஸ் பிட்சர் ஒருவர்கூட இதுவரை சை யங் வென்றதில்லை. இப்படிப்பட்ட இடங்களில் வெறும் ஈஆர்ஏவைக் கழிக்காமல், மைதானத்தைச் சரிக்கட்டி 100-ஐ லீக் சராசரியாக வைக்கும் ஈஆர்ஏ பிளஸ்ஸை ஒப்பிடுங்கள். அதில் எண் கூடினால் நல்லது.

கடைசியாக ரிலீவர்கள், அதாவது ஸ்டார்ட்டருக்குப் பின்னால் வந்து வீசுபவர்கள். 2003-இல் 55 வாய்ப்பில் 55 சேவ் (அணியின் முன்னிலையைக் கடைசிவரை காப்பாற்றி ஆட்டத்தை முடிப்பது) எடுத்த எரிக் கான்யேவுக்குப் பிறகு எந்த ரிலீவரும் வெல்லவில்லை. 2016-இல் பால்டிமோரின் ஸாக் பிரிட்டன் 67 இன்னிங்ஸில் 4 எர்ன்ட் ரன் மட்டுமே கொடுத்தார், ஈஆர்ஏ 0.54. ஐந்து பேர் அவரை முதலிடத்தில் வைத்தார்கள். வெர்லாண்டரின் 227.2 இன்னிங்ஸ், 77 ரன்னிலிருந்து அதைக் கழித்தால் 160.2 இன்னிங்ஸ், 73 ரன், ஈஆர்ஏ 4.09. லீக் சராசரியில் ஒரு முழு ஸ்டார்ட்டரே மிஞ்சுகிறார். அப்படி ஒருவரைச் சும்மா பிடித்துவிட முடியாது, கோடிக்கணக்கில் கொட்ட வேண்டும். பிரிட்டனுக்காக வாதாடுபவர்கள், அவர் வீசியது ஒரு ரன்னில் ஆட்டம் கைமாறும் ஒன்பதாவது இன்னிங்ஸ் என்பார்கள். நியாயமான வாதம்தான். அந்த 67 இன்னிங்ஸை இரட்டிப்பு மதிப்பில் எடுத்துக்கொண்டாலும் 134தான் ஆகிறது. பிரிட்டனுக்கு அந்த ஆண்டு கிடைத்த நான்காம் இடம் சரியான இடம்.