இரும்புக் கலப்பையில் கறளுக்கு மேலேயே பெயின்ட் அடித்தால் ஏன் உரிகிறது?

கறள் என்பது இரும்பின் மேல் படிந்த அழுக்கு இல்லை. இரும்பே தண்ணீரோடும் காற்றிலுள்ள ஒட்சிசனோடும் சேர்ந்து வேறு பொருளாக மாறியதுதான் கறள். அது பழைய இரும்பைவிட 2 மடங்குக்கும் அதிகமாக ஊதி, பொருக்குப் பொருக்காக எழும்பி நிற்கும். ஈரத்தையும் உள்ளே பிடித்து வைத்திருக்கும். மட்டக்களப்பு வாவிக்கரைப் பக்கம் உப்புக்காற்று வேறு, கேட்கவே வேண்டாம்.

பிட்டு மா கொட்டிய மேசையில் டேப் ஒட்டிப் பாருங்கள். டேப் மாவில்தான் ஒட்டும், மேசையில் ஒட்டாது. கலப்பையிலும் அதேதான்: பெயின்ட் பொருக்கைப் பிடித்துக்கொள்ளும், பொருக்கு கழன்றால் பெயின்டும் கழன்றுவிடும்.

அதனால் கம்பி பிரஷால் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். போல்ட் இடுக்குகளை விட்டுவிடாதீர்கள், கறள் திரும்பத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். தூசு துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் அன்றைக்கே ரெட் ஒக்சைட் பிரைமர் (பெயின்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு) அடியுங்கள். ஓர் இரவு பனியில் கிடந்தாலே பழுப்பு படிந்துவிடும். அப்புறம் மெல்லிதாக இரண்டு தரம் எனாமல் பெயின்ட். மண்ணில் உரசும் கொழுவுக்கு, அதாவது கலப்பையின் உழும் முனைக்கு, பெயின்ட் நிற்காது, கிறீஸ் பூசினால் போதும்.

மண்ணெண்ணெய் தடவினால் கறள் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அது பொருக்கை இளக்கும், அவ்வளவுதான், அந்த எண்ணெய்ப் பசையைத் தின்னரால் துடைக்காவிட்டால் புதுப் பெயின்டும் ஒட்டாது.